ஆளைத் தெரியாத பெட்டி

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த வாரத்தில் இந்த நாட்டு அரசாங்கம் எங்களைப் போட்டோ எடுத்தது. பத்தாண்டு நிறைவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் என்னைப் போல அவசரக்காரர். எடுத்தது மனிதரல்ல, ஒரு பெட்டி.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்தை ஒட்டிய சாலையில், ஒரு கம்பத்தின் மேல் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் எங்கள் பேகம்பூர்த் தபால் பெட்டிக்குச் சாம்பல் நிறம் அடித்து உயரத்தில் தூக்கிக் கட்டியது போல இருக்கும். உள்ளே ரேடார் என்று ஒரு கருவி. யுத்த காலத்தில் ஆகாய விமானத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டதாம். யுத்தம் முடிந்த பிறகு அதைச் சும்மா உட்கார வைக்க மனமில்லாமல், கார் பிடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அனுமதித்த வேகத்துக்கு மேல் ஒரு கார் போனால் பெட்டிக்குள் இருக்கும் கேமரா பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் எடுத்துக்கொள்ளும். போலீஸ்காரர் இல்லை, விசில் இல்லை, நிற்கச் சொல்லி யாரும் கை காட்டுவதில்லை. நீங்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, அந்த வெளிச்சத்தையே மறந்த பிறகு ஒருநாள் தபால்காரர் வருவார்.

எங்களுக்கும் வந்தார். ஜெர்மன் பாஷையில் பல சமயம் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அந்த வகையில் தமிழனுக்குச் சௌகரியமான பாஷைதான். ஆனால் அரசாங்கக் கடிதமாக இருந்தால் வினைச்சொல் வந்து சேர்வதற்குள் ஆரம்பத்தில் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பது மறந்து போகும். அதனால் இந்த வீட்டில் அரசாங்கக் கடிதங்களைப் படிக்கிற உத்தியோகம் என் மகள் ஜரீனாவுடையது. வயது பதினான்கு. நான்கு வயதில் வந்தவள். திண்டுக்கல் என்றால் அவளுக்கு பூகோளப் பாடம்.

"அத்தா, கார் வேகமாப் போயிருக்குன்னு போட்டிருக்கு. ஓட்டுனது யாருன்னு நீங்க ஆபீசுக்கு வந்து சொல்லணுமாம்."

"யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? அதான் போட்டோ எடுத்தாச்சுல்ல?"

"போட்டோவில முகம்தான் இருக்கும். பேரு இருக்காதே."

"ஊருலேர்ந்து வந்த விருந்தாளி ஓட்டுனாருன்னு சொல்லிட்டா?"

ஜரீனா கடிதத்தை மடித்தாள். "பத்து வருஷத்துல நம்ம வீட்டுக்கு எந்த விருந்தாளி அத்தா வந்தாங்க?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் நியாயம் இருக்கிறது, நாசூக்கு இல்லை.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும். ஊருக்கு நான் அனுப்பிய படத்தில், எங்கள் பழைய காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்தபடி நான் நிற்கிறேன். அதைப் பார்த்தவர்கள் நான் கார் ஓட்டுகிறேன் என்று நினைத்தார்கள். நினைத்தது அவர்கள், நான் கதவைத்தான் பிடித்திருந்தேன். லைசென்ஸ் பரீட்சையில் நான் மூன்று முறை தோற்றவன். முதல் முறை, பழனி ரோட்டு பஸ் டிரைவர் போல ஒவ்வொரு முனையிலும் ஹாரன் அடித்தேன். இந்த ஊரில் ஹாரன் அடித்தால் எதிராளியின் குடும்பத்தைத் திட்டியதாக அர்த்தம். இரண்டாம் முறை, ஹாரனே அடிக்காமல், எதிரே வந்த எல்லோருக்கும் வழிவிட்டேன். பரீட்சை நேரம் அந்த ஒரே முனையில் முடிந்துபோனது. மூன்றாம் முறை பரீட்சை அதிகாரியே என்னை அடையாளம் கண்டு பெருமூச்சு விட்டார். பாதித் தோல்வி அங்கேயே நிகழ்ந்துவிட்டது.

என் மனைவி ஜொகரா முதல் தடவையிலேயே தேறினாள்.

அவள் என் தாய்மாமன் மகள். வந்த புதிதில் நாலாவது மாடியில் ஜன்னலை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. பிறகு, இந்த ஊரின் பட்டறைகளிலிருந்து வெட்டிய தோலை வாங்கி வந்து கையுறை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். லைசென்ஸ் வாங்கியதும், தைக்கிற மற்றப் பெண்களுக்கும் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கித் திருப்புகிற பொறுப்பு அவளுடையதாயிற்று. காலையில் கார்ச் சாவியை எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பேகம்பூரில் வாசல் தாண்டுவதற்கே அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்ட பெண் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இந்த வருஷத் தொடக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்த பிறகு கடந்ததற்காக அவளுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. வருஷத்துக்குள் இரண்டாவது தவறு நேர்ந்தால் லைசென்ஸைச் சில மாதம் வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரிக்கு உரிமை உண்டு என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். சில மாதம் கார் ஓடாவிட்டால் பட்டறைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். ஜொகரா மறுபடி ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

அவள் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

2

'பார்த்துக்கொள்வது' என்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. அது திண்டுக்கல்லில் பெற்ற பயிற்சி.

அப்போது நான் ஒரு தோல் மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். பிற்பாடு அதே தோல் கப்பலேறி வந்து சேரும் இந்த ஊரில் ஆள் தேவைப்பட்டது. முதலில் ஆட்டுத்தோல் வந்தது, பின்னால் நான் வந்தேன். அது பின்னாளைய கதை. மண்டிக் காலத்தில் எங்கள் வாகனம் சைக்கிள். எங்கள் சட்டம் மணிக்கூண்டுப் பக்கம் நின்ற ஏட்டையா.

அவருடைய சட்டத்தில் இரண்டே பிரிவுகள். ஒன்று, சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாது. இரண்டு, பொழுது சாய்ந்தால் விளக்கு வேண்டும். மீறினால் கோர்ட்டும் கேஸும் கிடையாது. குனிந்து வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். பிறகு உருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். உருட்டுகிறவன் தலை குனிந்திருக்கும், வழிநெடுகக் கடைக்காரர்கள் "என்னப்பு, காத்து வாங்கப் போனியா, காத்தைக் குடுத்துட்டு வாரியா?" என்று கேட்பார்கள். தண்டனையின் பெரும் பகுதி அந்தக் கேள்விதான்.

ஆனாலும் சட்டத்தை மதிக்க எங்களுக்குத் தெரியும். மணிக்கூண்டு கண்ணில் பட்டதும் பின்னால் உட்கார்ந்திருப்பவன் குதித்து இறங்கி, சைக்கிளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன் போல நடப்பான். ஏட்டையாவைத் தாண்டியதும் ஓடிவந்து ஏறிக்கொள்வான். பொழுது சாய்கிற நேரத்தில் விளக்கில்லாத சைக்கிள்காரர்கள் எல்லோரும் இறங்கி, ஆழ்ந்த யோசனையில் இருப்பவர்கள் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். வெளியூர்க்காரர் யாராவது அந்நேரம் பார்த்திருந்தால், திண்டுக்கல் முழுக்கத் தத்துவஞானிகள் என்று நினைத்திருப்பார். ஏட்டையா நின்ற இடத்துக்கு முன்னால் கொஞ்ச தூரமும் பின்னால் கொஞ்ச தூரமும், உலகத்திலேயே ஒழுக்கமான சாலை அதுதான்.

ஒருநாள் சாயங்காலம் நான் மிதிக்க, ஜொகராவின் அண்ணன் மைதீன் பின்னால் உட்கார்ந்து வந்தான். நானும் அவனும் ஒரே வயது, ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பேச்சு சுவாரசியத்தில் அவன் குதிக்க மறந்துவிட்டான். ஏட்டையா கையைக் காட்டினார். என் முதலாளி போலீஸ் விவகாரம் என்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுகிற மனிதர். மைதீனுக்கு அப்போது எந்த வேலையும் இல்லாததால் போவதற்கும் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் குற்றம் செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி, ஒப்புக்கொள்ள வசதிப்பட்டவர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொண்டதே இல்லை.

"ஏட்டையா, மிதிச்சது நான்தான்" என்றான் மைதீன்.

"ஏலே, நீ பின்னாடியில்ல உக்காந்திருந்தே?"

"பின்னாடி உக்காந்துதான்யா மிதிச்சேன். எனக்குக் காலு கொஞ்சம் நீளம்."

ஏட்டையா சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். முன் சக்கரத்தில் மட்டும் காற்றை இறக்கினார். சிரிப்புக்கு ஒரு சக்கரம் தள்ளுபடி.

அதே நேரத்தில் செம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், கத்தரிக்காய் விற்ற வெறுஞ்சாக்கைக் கேரியரில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். அவர் நிறுத்தப்பட்டார்.

"லைட்டு எங்கேய்யா?"

"இன்னும் பொழுது சாயலைங்களே ஐயா."

"எனக்குச் சாஞ்சிருச்சு. எறங்கு."

ஏட்டையா குனிவதற்குள் ஊர்ப் பெரிய வியாபாரி ஒருவரின் மகன் விளக்கில்லாத சைக்கிளில் மணியடித்துக்கொண்டு கடந்து போனான். ஏட்டையா நிமிர்ந்து சல்யூட் அடித்தார். விவசாயி அந்தச் சைக்கிள் போகும் திசையைப் பார்த்தார், மேற்கே வானத்தைப் பார்த்தார்.

"அவருக்கு மட்டும் இன்னும் வெயிலு இருக்குங்களாய்யா?"

பதிலாக இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கியது. செம்பட்டிவரை அவர் உருட்டியிருக்க வேண்டும். காற்றடிக்கிற கடை திறந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. மைதீன் அவரிடம், "எங்க ஊருல சூரியனே ஆளைப் பாத்துத்தான்யா மறையும்" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினான்.

இதை இம்புட்டு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டையா கெட்டவரல்ல. அவருக்கு எல்லோரையும் தெரியும், அதுதான் கோளாறு. தெரிந்தவர்களை விட்டுவிட்டுத் தெரியாதவர்களை வைத்துத்தான் அவர் சட்டத்தைக் காப்பாற்ற முடிந்தது. இங்கே இந்தப் பெட்டிக்கு ஒருவரையும் தெரியாது. மேயரும் சரி, நானும் சரி, அதற்கு முன்னால் எல்லோரும் செம்பட்டிக்காரர்கள்தான். நியாயமான ஏற்பாடு. நியாயம் நமக்கு எதிராக வரும்வரை எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு.

3

ஊர்ப் பழக்கப்படி முதல் வேலையாகச் சிபாரிசுக்கு ஆள் தேடினேன். பத்து வருஷத்தில் இந்த ஊரில் நான் சம்பாதித்த ஒரே பெரிய மனிதத் தொடர்பு, கீழ் வீட்டுப் பெக்கர் அம்மாள். எழுபதை நெருங்கும் வயது. ஒரு குட்டை நாய். மாடிப்படியை யார் எந்தக் கிழமை கழுவ வேண்டும் என்பதில் அவர் வைத்ததே சட்டம். இந்த பாஷையில் 'நீ'யும் 'நீங்க'ளும் உண்டு. பதற்றத்தில் நான் இரண்டையும் இடம் மாற்றிவிடுவேன். அன்றும் அம்மாளை 'நீ' என்றும் நாயை 'நீங்கள்' என்றும் விளித்துத்தான் பேச்சை ஆரம்பித்தேன். நாய் சந்தோஷப்பட்டது.

மாடிப்படியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். ஜொகராவும் எனக்குப் பின்னால் ஒரு படி மேலே நின்றாள்.

"எங்களோடு அலுவலகத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவள் நல்லவள் என்று சொன்னால் போதும்" என்றேன்.

"இவர் நல்லவர்தான். மாடிப்படியை ஒழுங்காகக் கழுவுகிறவர் இந்தக் கட்டடத்தில் இவர் ஒருவர்தான். ஆனால் அதை எதற்காகப் பெட்டியிடம் சொல்ல வேண்டும்?"

"பெட்டியிடம் அல்ல, அதிகாரியிடம்."

"அந்தப் பெட்டி அங்கே எப்படி வந்தது தெரியுமா?" என்று கேட்டார் அம்மாள். எனக்குத் தெரியாது. "போன குளிர்காலத்தில் அந்த இடத்தில் ஒரு பையனின் கால் உடைந்தது. நல்லவேளை, கால் மட்டும். அதற்குப் பிறகு நானும் பள்ளிக்கூடப் பெற்றோரும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். உங்கள் வீட்டுக்கும் வந்தேன். நீங்களும் போட்டீர்கள்."

அது உண்மைதான். மாடிப்படி சம்பந்தமான விவகாரம் என்று நினைத்துப் போட்டேன்.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாதாடிப் பார்த்தேன். பெட்டியால் என்ன பயன்? அதன் அருகில் வந்ததும் எல்லோரும் பிரேக் போடுகிறார்கள், தாண்டியதும் முன்னைவிட வேகமாகப் பறக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இப்படித்தான், சைக்கிளைவிட்டு இறங்கி மறுபடி ஏறுவோம். ஒரு நாள் முன்னால் போன வண்டி பெட்டியைப் பார்த்துத் திடீரென்று நின்று, பின்னால் வந்த வண்டி அதன் மேல் மோதியதை நானே பார்த்தேன். போலீஸ்காரர் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி நாலு வார்த்தை சொல்லுவார். தப்பு செய்த சூட்டோடு புத்தியில் ஏறும். மூன்று வாரம் கழித்து வருகிற கடிதத்தால் யாருக்குப் புத்தி வரும்?

அம்மாள் முழுவதையும் கேட்டார். "நீங்கள் சொல்வது எல்லாம் சரி. பெட்டியைத் தாண்டியதும் பறக்கிறார்கள். ஆனால் பெட்டி வருமுன் நான் அந்தச் சாலையை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடப்பேன். இப்போது எல்லா நாளும் கடக்கிறேன். எனக்கு அந்தக் கொஞ்ச தூரம் போதும். நான் பறக்கப் போவதில்லை." பிறகு என்னைத் தாண்டி ஜொகராவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் மகளும் அங்கேதான் கடக்கிறாள். தினமும் பார்க்கிறேன். புத்தகத்தைப் படித்துக்கொண்டே கடக்கிறாள்."

ஜொகராவின் கை மாடிப்படிக் கம்பியில் இறுகியது. வீட்டுக்குள் வந்ததும் நான் பெக்கர் அம்மாளைப் பற்றி மரியாதைக் குறைவாக ஏதோ சொன்னேன்.

"அவுக சொன்னதுல எது மச்சான் தப்பு?" என்றாள்.

அம்புட்டுத்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்பதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

4

அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். ஜொகரா சுங்குடிச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, மேலே குளிர்கோட்டுப் போட்டிருந்தாள். ஜரீனா மொழிபெயர்ப்பாளர். நான் அதிகாரிக்கென்று கையில் ஒரு டப்பாவில் தேங்காய்ப் பர்பி எடுத்திருந்தேன். வாசலிலேயே ஜரீனா அதை வாங்கித் தன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இங்க அதுக்குப் பேரு வேற அத்தா."

அதிகாரி ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். மேசையில் பென்சில்கள் உயர வரிசைப்படி படுத்திருந்தன. அவர் எங்களை உட்காரச் சொல்லி, காகிதத்தைப் பார்த்து, சாவதானமாகக் கேட்டார்: "குறிப்பிட்ட நாளில் இந்த வாகனத்தை ஓட்டியவர் யார்?"

ஜொகரா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்த காரியமல்ல. எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"நான்தான் ஓட்டினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், மேசையில் குப்புறக் கிடந்த ஒரு படத்தை நிமிர்த்திப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"நல்லது. உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள்."

இந்தக் கேள்வி வரும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. எங்கள் ஊரில் சைக்கிள் மிதிக்க லைசென்ஸ் கேட்டதில்லை. கோட்டின் எல்லாப் பைகளையும் தடவினேன். இல்லாத பொருளைத் தேடும்போது பைகள் அதிகமாக இருப்பது ஓர் ஆறுதல்.

"அத்தா, உங்ககிட்ட லைசென்ஸே இல்லையே" என்றாள் ஜரீனா, தமிழில்தான். இருந்தாலும் 'லைசென்ஸ்' என்ற சொல்லும் அவள் ஆட்டிய தலையும் அதிகாரிக்குப் போதுமாக இருந்தன.

"அப்படியானால்," என்றார் அவர், "வேகமாக ஓட்டியது ஒரு குற்றம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் எழுதிக்கொள்ளட்டுமா?"

"மச்சான், செத்த நேரம் உக்காருங்க" என்றாள் ஜொகரா. உட்கார்ந்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். குரல் கொஞ்சம் இளகியது. "ஐயா, நம் சட்டப்படி மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் எதுவுமே பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருந்தது."

பேசாமல் இருக்கிற உரிமை. நாற்பத்தாறு வயதுவரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

அவர் தொடர்ந்தார்: "படத்தில் ஓட்டுகிறவரின் தலைத்துணி பாதி முகத்தை மறைக்கிறது. இவர்தான் என்று நானும் சத்தியம் செய்ய முடியாது. யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தக் காகிதம் இந்த அலமாரிக்குப் போகும்." அலமாரியைக் காட்டினார். அது பெரிய அலமாரி. அதில் எங்கள் காகிதத்துக்கும் தாராளமாக இடம் இருந்தது.

ஜரீனா இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். முழுவதையும் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். நான் ஜொகராவைப் பார்த்துக் கண்ணால் அலமாரியைக் காட்டினேன். கதவு திறந்திருக்கிறது, நீ ஒன்றும் பேச வேண்டாம், சாவி ஆணியிலிருந்து இறங்கிவிடும்.

ஜொகரா என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். "நீ ரோட்டைக் கடக்குறப்போ புஸ்தகம் படிப்பியா?"

ஜரீனாவுக்கு முகம் சிவந்தது. "கதை முடியப் போற எடமா இருந்தா மட்டும்."

ஜொகரா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய ஜெர்மனில் இலக்கணம் குறைவு, தயக்கம் அதைவிடக் குறைவு. "நான் ஓட்டினேன். வேகமாக ஓட்டினேன். அங்கே என் பிள்ளை நடக்கிறாள்."

அதிகாரி படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அன்றுதான் முதல் முறையாக அதைப் பார்த்தோம்.

நல்ல படம். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கூட இவ்வளவு துல்லியமாக எடுத்ததில்லை. ஜொகரா, முக்காடு பாதி முகத்தை மறைக்க, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே சாலையைப் பார்க்கிறாள். பின் சீட்டில் ஜரீனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர், உடம்பு முழுவதையும் மனைவி பக்கம் திருப்பி, ஒரு கையை அவள் மூக்கருகே நீட்டி, பல் மருத்துவருக்குக் காட்டுவது போல வாயைத் திறந்திருக்கிறார்.

"இந்த நேரத்தில் இவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்?" என்று கேட்டார் அதிகாரி.

ஜரீனா யோசிக்கவில்லை. "அம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்."

"லைசென்ஸ் இல்லாதவர்?"

"ஆமாம். எப்போதும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தார் என்று எனக்குப் பட்டது. பிறகு சொன்னார்: "பெட்டி படம் மட்டும்தான் எடுக்கும். மீதியை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அபராதம் உண்டு, அதை மாற்ற முடியாது. லைசென்ஸை வாங்கி வைப்பதற்குப் பதிலாக, அம்மையார் சனிக்கிழமை நடக்கும் சாலைப் பாட வகுப்புக்கு வரட்டும்." என் பக்கம் திரும்பினார். "உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நீங்களும் வந்தால் இந்த நகரத்துக்கு நல்லது."

5

போனேன். தண்டனை பெற்ற ஓட்டுநர்கள் நிறைந்த வகுப்பில், ஓட்டத் தெரியாமல் தண்டனை பெற்றவன் நான் ஒருவன்தான். பாடம் நடத்தியவர், பெட்டி வைத்த பிறகு சாலை பத்திரமாகிவிட்டதா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். மாட்டிக்கொண்டவர்களிடம் இதைக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? அரசாங்கம் பணம் பறிக்கிறது என்றார் ஒருவர். பெட்டி இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் அதனால் பயனில்லை என்றார் இன்னொருவர். மைதீனும் அங்கே இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான், கொஞ்சம் வேடிக்கையாக. நான் கை தூக்கவில்லை. பேசாமல் இருக்கிற உரிமையைப் புதிதாகப் பெற்றவன்; அதைக் கொஞ்சம் பழகிப் பார்த்தேன்.

வகுப்பு முடிந்து வரும்போது ஜொகராதான் ஓட்டினாள். வகுப்பு முடிகிறவரை வெளியே உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகத்தை முடித்த ஜரீனா பின் சீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடச் சாலை வந்தது. பள்ளி மைதானத்தில் சனிக்கிழமை விளையாட்டு முடிந்திருந்த நேரம், நடைபாதையெங்கும் பிள்ளைகள். முன்னால் போன கார்களெல்லாம் பெட்டியைக் கண்டதும் தலை குனிந்தன. எங்கள் காரும் மெதுவானது. பெட்டியைத் தாண்டினோம். முன்னால் போனவர்கள், தாண்டிய அந்தக் கணமே, விடுதலை பெற்றவர்கள் போலச் சீறிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கார் மட்டும் அதே மெதுவில் நகர்ந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொன்னேன்.

எவ்வளவு முயன்றும் என்னால் அடக்க முடியவில்லை. "பெட்டிதான் போயிருச்சே, ஜொகரா."

"பெட்டி போயிருச்சு மச்சான். பிள்ளைக இன்னும் போகலையே."

கடைசிப் பையன் கடந்து நடைபாதையில் ஏறுகிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் வாயை மூடி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த முனை போயிற்று, அதற்கடுத்த முனையும் போயிற்று, எங்கள் தெருவும் வந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து ஜரீனா முன்னால் எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக, "அத்தாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"